அக்கா இழுத்த குட்டி எஞ்சின்

போன வாரம் நம் சொசைட்டி கார்டன் பெஞ்சில் உட்கார்ந்து ஆளாளுக்கு பிபி மாத்திரையின் பெயரை ஒப்பித்துக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருவர் கேட்டீர்கள்: "நீங்க பேங்க்ல ஆபீசரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. உங்க அக்கா மட்டும் ஏன் மெட்ரிக்கூட எழுதல?" நான் "அந்தக் காலம் அப்படி" என்று மழுப்பிவிட்டு முட்டியைத் தேய்த்துக்கொண்டேன். பொய். அந்தக் காலம் அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. அதே வீட்டில், அதே அப்பா அம்மாவுக்குப் பிறந்துதானே நானும் படித்தேன்? அதனால் எழுதிவிடுகிறேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் யாராவது டீ குடிக்க எழுந்து போய்விடுவீர்கள். உங்களைப் பற்றி எனக்குத் தெரியாதா!

எனக்கு அப்போது ஒன்பது வயது. அக்காவுக்குப் பதினைந்து முடிந்து பதினாறு நடந்துகொண்டிருந்தது. அப்பா பட்டாளத்தில் புல்டோசர் ஓட்டியவர். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். பட்டாளத்தை விட்டு வந்த பிறகு, பூனாவுக்குப் பக்கத்தில் ஆகுர்டியில் தொழிற்சாலைகளுக்கு நிலம் சமன்படுத்திக்கொண்டிருந்த ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் டோசர் ஆபரேட்டராகச் சேர்ந்தார். சேர்த்துவிட்டவர் என் மாமா, அம்மாவின் அண்ணன். அவர் அதே கம்பெனியின் பூனா ஆபீசில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தார். குடியிருக்க சைட்டை ஒட்டி ஒரு பத்ரா ஷெட். பத்ரா என்றால் தகரம். வெயிலில் வெந்து, குளிரில் விறைத்து, மழையில் காது கிழியும். ஆனால் வேலை இருக்கும்வரைதான் அந்தத் தகரமும். ஆபரேட்டர் வேலை போனால் அன்றே பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

இன்று ஆகுர்டியில் நின்று பார்த்தால் அங்கே மேடும் பாறையும் முள்ளுமாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அந்த மேட்டையெல்லாம் தள்ளியது அப்பாவின் டோசர். மிலிட்டரி டிஸ்போசல் ஏலத்தில் எடுத்த பழைய வண்டி. இன்றைய வண்டி மாதிரி சாவியைத் திருகினால் உறுமாது. அந்த டீசல் எஞ்சினைக் கையால் சுற்ற எந்தப் பயில்வானாலும் முடியாது, அதைச் சுற்றுகிற பேட்டரியும் அதில் கிடையாது. அதனால் அதன் விலாவில் இன்னொரு குட்டி எஞ்சின் ஒட்டிக்கொண்டிருக்கும். ரெண்டே சிலிண்டர், பெட்ரோலில் ஓடுவது. முதலில் இந்தக் குட்டியைக் கயிறு போட்டு இழுத்துக் கிளப்ப வேண்டும். குட்டி கொஞ்ச நேரம் ஓடிப் பெரிய எஞ்சினைச் சூடாக்கும். பிறகு ஒரு லீவரைத் தள்ளி, இன்னொரு லீவரை இழுத்தால், குட்டி தன் பலத்தையெல்லாம் கொடுத்துப் பெரியதைச் சுற்றும். குர், குர் என்று முக்கி முக்கி, வெள்ளைப் புகை விட்டு, அப்புறம் கறுப்புப் புகை விட்டு, பெரியது பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் குட்டிக்கு வேலை முடிந்தது. பெட்ரோல் குழாயை மூடிவிட்டால், உள்ளே மிச்சமிருக்கிற சொட்டையும் எரித்துவிட்டு அதுவாக இருமி இருமி நின்றுபோகும். சாவியைத் திருகி அணைப்பது மாதிரிப் பட்டென்று அதை நிறுத்தக் கூடாது என்பது அப்பாவின் சட்டம்.

குளிர்காலத்தில் குட்டிக்குக் கோபம் வந்துவிடும். அதனால் முதல் நாள் சாயங்காலமே அப்பா அதன் ரெண்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். விடியற்காலையில் அம்மா அடுப்பு மூட்டியதும், காப்பித் தண்ணீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் அந்த ரெண்டு பிளக்கும் சூடேறும். எங்கள் வீட்டுக் காப்பியில் பெட்ரோல் வாடை அடிக்கும் என்று மாமா மூக்கைச் சுளிப்பார். எனக்கு அந்த வாடைதான் காப்பி வாடை என்று ரொம்ப நாள் நினைப்பு.

அப்பாவுக்கு ஒரு பெருமை உண்டு. "ஒரே இழுப்பு. ரெண்டாவது இழுப்பு இழுத்தா நான் பட்டாளத்தான் இல்ல" என்பார். ஹெல்ப்பராக வருகிறவனிடம் தினமும் ஒரே பாட்டுத்தான்: "கயித்தை எக்காரணம் கொண்டும் கையில சுத்தாத. பிடிச்சு இழு, விட்டுரு. இது பின்னால ஒதைக்கும். ஒதைச்சா கயிறு போற எடத்துக்குக் கையும் போகும்."

கார்த்திகை தீபத்துக்கு மறுநாள். விரல் விறைக்கிற குளிர். ஆள் வருவதற்கு முன் தனியாகப் போன அப்பா, கயிறு பிடியில் நிற்கவில்லை என்று கையில் சுற்றிக்கொண்டு இழுத்துவிட்டார். ஊருக்கெல்லாம் சொன்னவர்! குட்டி பின்னால் உதைத்தது. வலது மணிக்கட்டு ஒடிந்துபோனது. அன்று எப்படியோ இடது கையால் இன்னொரு முறை இழுத்து வண்டியைக் கிளப்பி, சாயங்காலம்வரை ஓட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். முகம் வெளுத்து, உதட்டில் பல் பதிந்த தடம். அம்மா அலறப்போனாள். இடது கையால் அவள் வாயைப் பொத்தினார்.

"சத்தம் போடாத. வெளிய தெரிஞ்சா நாளைக்கே வேற ஆளை ஏத்திருவானுவ. அந்த ஹெல்ப்பர் பய எப்பம்டா சீட் காலியாகும்னு நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கான்."

"எங்கண்ணன்கிட்ட சொல்லுவோமே?"

"ஒங்கண்ணனா? அவரு ரூல்ஸ் புஸ்தகம். நாளைக்கே கம்பெனிக்கு எழுதிக் குடுத்துட்டு, பொறவு நமக்கு ஆறுதல் சொல்ல வருவாரு."

அதுவும் நிஜம்தான். மாமா கெட்டவர் இல்லை. ரொம்ப நல்லவர். அதுதான் பிரச்சினை.

ஹாட்வைத்யர் என்கிற மராத்தி எலும்பு வைத்தியர் ஒருவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். ஆறு வாரம் என்றார். அப்பா பட்டாளத்து முழுக்கைக் கோட்டை மாட்டிக் கட்டை மறைத்துக்கொண்டார். வண்டி ஓட்டுவதற்கு அவருக்கு வலது விரல்கள் வேண்டியிருக்கவில்லை. முழங்கையை மடக்கி லீவரில் கொக்கி மாதிரிப் போட்டு இழுத்துவிடுவார். காலையில் கிளப்பிய எஞ்சினைச் சாயங்காலம்வரை நிறுத்தாமல் வைத்துக்கொண்டால், மத்தியானம் மறுபடி கயிறு இழுக்க வேண்டியதில்லை. ஆனால் காலையில் அந்த ஒரு இழுப்பு? ஹெல்ப்பரை இழுக்கச் சொன்னால் கை ஒடிந்தது வெளியே தெரிந்துவிடும். இடது கையால் முதல் நாள் வந்தது மறுநாள் வரவில்லை. ஒற்றைக் கையால் இழுத்து இழுத்து அப்பா வேர்த்துப்போய், டிராக் சங்கிலி மேல் உட்கார்ந்து அழுதாராம். அம்மா பின்னாலேயே போய்த் தானும் இழுத்துப் பார்த்தாள். அவள் எடைக்குக் கயிறுதான் அவளை இழுத்தது.

அக்கா பள்ளிக்கூடத்தில் கோ-கோ ஆடுகிறவள். பிம்ப்ரி மராத்திப் பள்ளிக்கூடத்தில் அவள் ஓடி முதுகில் ஒரு அடி வைத்தால் பையன்கள் தள்ளாடுவார்கள். "நான் இழுக்கேன்பா" என்றாள். வேறு வழியில்லாமல்தான் அப்பா ஒத்துக்கொண்டார். அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "ஆறே ஆறு வாரம்தான், தாயி."

அப்படித்தான் ஆரம்பித்தது. விடிவதற்கு முன் மூன்று பேர் போவோம். அப்பா முன்னால். அக்கா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பெரிய கெட்டிலில் வெந்நீர். நான் பிளக்கு. அடுப்பில் சூடாகிற பிளக்கைத் துணியில் சுற்றி, அக்காவின் ஜியோமெட்ரி பாக்ஸுக்குள் வைத்து, ஸ்வெட்டருக்கு உள்ளே வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஓடுவேன். வயிறு இதமாக இருக்கும். உங்களிடம் மறைப்பானேன், அந்த நாட்கள் எனக்குக் கொண்டாட்டமாக இருந்தன.

அப்பா இடது கையால் பிளக்கை முடுக்குவார். அக்கா குட்டி எஞ்சின் மேல் வெந்நீரை ஊற்றுவாள். குப்பென்று ஆவி எழும்பி எங்கள் முகமே தெரியாது. கயிற்று நுனியில் ஒரு முடிச்சு. அதைக் கப்பியில் இருக்கிற வெட்டுக்குள் கொடுத்து ரெண்டு சுற்றுச் சுற்றி, ஒரு காலை டிராக்கில் உந்தி, அக்கா இழுப்பாள். மூன்றாவது நாளே அவளுக்குக் கை வந்துவிட்டது. ஒரே இழுப்பு! டப், டப், டபடபடபவென்று குட்டி கிளம்பும்போது அக்கா என்னைப் பார்த்துச் சிரிப்பாள் பாருங்கள், பரீட்சையில் முதலாவதாக வந்தபோதுகூட அவள் அப்படிச் சிரித்ததில்லை. அப்பாவும் சிரிப்பார். பெரியது பிடித்ததும் "போதும், சின்னதை மூடு, வீட்டுக்கு ஓடுங்க" என்பார். கூலியாட்கள் வருவதற்குள் நாங்கள் வீட்டில் இருக்க வேண்டும்.

ஒரு நாள் எவ்வளவு இழுத்தும் குட்டி பிடிக்கவில்லை. அக்காவின் உள்ளங்கை கயிறு அறுத்துச் சிவந்துவிட்டது. அப்போது சைட்டிலேயே படுத்துக்கிடக்கிற ஃபிட்டர் எழுந்து வந்துவிட்டார். நரைத்த மீசை, மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். எங்களைப் பார்த்தார், அப்பாவின் கோட்டுக் கையைப் பார்த்தார். பிளக்குக்குப் பொறி கொடுக்கிற மேக்னெட்டோவின் மூடியைக் கழற்றி, உள்ளே பனி ஈரத்தைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு, "ஆதா ஓட், போரீ" என்றார். இப்போ இழு பொண்ணே என்று அர்த்தம். இழுத்தாள், பிடித்தது. காது மடல் நீலமாகி நின்ற அக்காவின் தலையில் தன் பழுப்பு மஃப்ளரை எடுத்துச் சுற்றிவிட்டுப் போனார். கடைசிவரை ஒருவரிடமும் மூச்சு விடவில்லை அந்த மனிதர்.

இருந்தாலும் பக்கத்து ஷெட்டுக்காரிகள் கேட்க ஆரம்பித்தார்கள். பெரிய பெண் விடியற்காலையில் எங்கே போய்வருகிறாள் என்று. அம்மாவுக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. மார்கழி பிறந்திருந்தது.

"யாரு கேட்டாலும் கோயிலுக்குப் போயிருக்கான்னு சொல்லு. எங்க ஊருல மார்கழி மாசம் பொம்பளப் பிள்ளைய விடியக்காலம் கோயிலுக்குப் போவோம்னு சொல்லு. என்னட்டி? வேற ஒரு வார்த்தை வாயில வரப்பிடாது."

அருமையான பொய். மராத்திக்காரிகள் "வாஹ், வாஹ்" என்று தலையாட்டினார்கள். மதராஸ்காரப் பெண்களுக்கு எவ்வளவு பக்தி என்று தங்கள் பெண்களைத் திட்டினார்கள். சைட்டுக்கு அந்தப் பக்கம் நிஜமாகவே ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் இருந்தது. அம்மா அங்கே ஒரு நாள்கூடக் காலையில் போய்ப் பார்த்ததில்லை. நம் ஊரில் மார்கழியில் நாலரை மணிக்கே கோயில் திறந்து பாட்டுப் போட்டுவிடுவார்கள் அல்லவா, எல்லா ஊர்ப் பிள்ளையாரும் மார்கழியில் சீக்கிரம் எழுந்துவிடுவார் என்று நம்பிவிட்டாள். ஆகுர்டிப் பிள்ளையாருக்கு மார்கழியும் தெரியாது, ஒன்றும் தெரியாது. பூசாரி சிஞ்ச்வடிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து பூட்டைத் திறக்க எட்டு மணி ஆகும்.

மார்கழி மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காய்ச்சல். சைட்டுக்கு ஞாயிறு லீவு கிடையாது. அப்பாவும் அக்காவும் மட்டும் போயிருந்தார்கள், பிளக்கையும் அக்காவே கொண்டுபோய்விட்டாள். அம்மா பின்னால் குளித்துக்கொண்டிருந்தாள். கதவைத் தட்டி உள்ளே வந்தவர்கள் மாமாவும் அத்தையும். பூனாவிலிருந்து முதல் லோக்கல் ரயிலில் வந்திருந்தார்கள். மாமா தன் மஃப்ளரை அவிழ்த்துவிட்டு அப்பாவின் கறுப்பு டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்தார்.

"அக்கா எங்கட்டி?"

"கோயிலுக்குப் போயிருக்கா, மாமா."

"எந்தக் கோயிலுக்கு?"

"பிள்ளையார் கோயிலுக்கு."

"தினமுமா போறா?"

அதோடு தலையாட்டியிருந்தால் போதும். எனக்கு வாய் அடங்குமா? மாமா முகத்தில் எதுவோ சரியில்லை என்று தெரிந்தது. பொய்யை இன்னும் கொஞ்சம் நன்றாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். "தினமும் போறா மாமா. ஐயர் நெய்ப் பொங்கல் குடுப்பாரு. எனக்கும் இலையில கொண்டு வருவா" என்றேன்.

மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை சுவரைப் பார்த்தாள். அவ்வளவுதான், எனக்குக் காய்ச்சல் இன்னும் ஏறிவிட்டது.

அக்கா வந்தாள். முடியெல்லாம் கலைந்து, பாவாடையில் கறுப்பு கிரீஸ், தலையில் அந்தப் பழுப்பு மஃப்ளர். ஓடிவந்ததில் முகம் பளபளவென்று இருந்தது. அன்று ஒரே இழுப்பில் பிடித்திருக்க வேண்டும்.

"கோயில்ல கூட்டமாம்மா?" என்று மாமா மெதுவாகக் கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கண்ணால் ஆமென்று சொன்னேன். கடவுளே, நான்தான் சொன்னேன்.

"ஆமா மாமா. கொஞ்சம் கூட்டந்தான்."

"நான் அங்க இருந்துதான் வாரேன். மார்கழியாச்சே, பிள்ளையாரைக் கும்பிட்டுட்டுப் போவோம்னு எறங்கினதும் அங்கதான் போனோம். கதவு பூட்டிக் கெடக்கு." பிறகு எழுந்து வந்து, அக்காவின் தலையிலிருந்து மஃப்ளரை ரெண்டு விரலால் எடுத்தார். "இது யாருது?"

அக்கா வாயே திறக்கவில்லை. திறந்தால் எஞ்சினைச் சொல்ல வேண்டும். எஞ்சினைச் சொன்னால் அப்பாவின் கையைச் சொல்ல வேண்டும். ஈரத்தலையோடு உள்ளே வந்த அம்மா சுவரோடு சுவராக நின்றுவிட்டாள்.

ஃபிட்டருக்கு நாற்பத்தைந்து வயது, மீசை நரைத்திருக்கிறது என்று ஒரு வார்த்தை விசாரித்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும். மாமா விசாரிக்கவில்லை. அவர் மனதில் ஏற்கெனவே ஒரு இளந்தாரி வந்து உட்கார்ந்துவிட்டான். பெண் பிள்ளையின் பெயர் வெளியே போகக் கூடாதாம், அதற்காக யாரிடமும் எதுவும் கேட்கக் கூடாதாம். நல்லவர்கள் செய்கிற காரியம் இது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அத்தையைத் தனியாக இழுத்துக்கொண்டு போய் உண்மையைச் சொன்னேன். அம்மா அடித்தாலும் பரவாயில்லை என்று துணிந்து சொன்னேன். "அத்தை, அக்கா டோசரை ஸ்டார்ட் பண்ணத்தான் போறா. கயிறு போட்டு இழுப்பா."

அத்தை சிரித்துவிட்டாள். அன்று அந்தத் தகர வீட்டில் சிரிப்பு வந்தது அவள் ஒருத்திக்குத்தான், அதுவும் என்னால். "கேட்டீயளா, பதினஞ்சு வயசுப் பொட்டப்பிள்ள புல்டோசரைக் கெளப்புதாளாம்! முதல்ல நெய்ப் பொங்கல், இப்பம் புல்டோசர். அக்காவுக்கு ஏத்த தங்கச்சி." என் காதைப் பிடித்துத் திருகினாள். சொல்லிக்கொடுத்த பொய்யைச் சொன்னேன், பிடிபட்டது. உண்மையைச் சொன்னேன், பொய் என்றார்கள். ஒன்பது வயதில் அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியவில்லை.

மத்தியானம் அப்பா சாப்பிட வந்தார். வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டிருந்தார். மாமா எல்லாவற்றையும் தாழ்ந்த குரலில் சொல்லி முடித்தார். "மாப்ளே, ஒங்களைக் குத்தம் சொல்லல. வேலை வேலைன்னு கெடக்கீய. பிள்ள கைய விட்டுப் போகுதுக்கு முன்ன கட்டிக் குடுத்துருவோம். தூத்துக்குடியில நம்ம சொந்தத்துல பையன் இருக்கான். தை பொறந்ததும் முடிச்சிருவோம்."

வெளியே டோசர் ஓடிக்கொண்டே இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் எல்லா ஆபரேட்டரும் எஞ்சினை நிறுத்துவார்கள். எங்கள் அப்பாவால் நிறுத்த முடியாது. தகரச் சுவர் அந்தச் சத்தத்தில் அதிர்ந்துகொண்டிருந்தது. ஸ்டோர் பார்க்கிற மாமாவுக்கு அது ஏன் ஓடுகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. அக்கா மூலையில் நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயமே இல்லாமல் நின்றாள். அப்பா இதோ சொல்லிவிடுவார் என்று காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன்.

அப்பா பைக்குள் இருந்த கையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். தகரக் கூரையைப் பார்த்தார். கடைசியில், "அவ சின்னப்பிள்ள, மச்சான். அவளுக்கு என்ன தெரியும்" என்றார்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அதற்கப்புறம் அவள் யாரையும் பார்க்கவில்லை.

அடுத்து வந்த நாட்களிலும் வண்டி கிளம்பத்தானே வேண்டும்? கிளம்பியது. மறுநாள் விடியற்காலையிலும் அக்கா எழுந்து கெட்டிலை எடுத்தாள். இதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. கல்யாணத்துக்கு ஊருக்குக் கிளம்புகிற வாரம்வரை, அம்மா வாசலில் நின்று யாரும் வருகிறார்களா என்று பார்க்க, அக்கா போய்க் கயிற்றை இழுத்துவிட்டு வந்தாள். அவளும் அப்பாவும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். குட்டி பிடித்தால் அவள் சிரிக்கவும் மாட்டாள். மஃப்ளரை அம்மா வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டாள். கம்பளி எரிகிற நாற்றம் ரெண்டு நாள் போகவில்லை.

தை மாதம் தூத்துக்குடியில் கல்யாணம். மெட்ரிக் பரீட்சைக்கு ரெண்டு மாதம் பாக்கி. ஃபீஸ்கூடக் கட்டியாகிவிட்டது. கிளம்புவதற்கு முன் அக்கா ஜியோமெட்ரி பாக்ஸை என்னிடம் கொடுத்தாள். "நல்லாப் படி. பிளக்கு வச்ச வாடை இருக்கும், கழுவிக்க" என்றாள். எத்தனை தடவை கழுவியும் அது போகவில்லை. பல வருஷம் கழித்து என் மெட்ரிக் கணக்குப் பரீட்சையில் அந்தப் பெட்டியைத் திறந்தேன். பெட்ரோல் வாடை அடித்தது. காம்பஸைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் ஒன்றும் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். சூப்பர்வைசர் வந்து உடம்பு சரியில்லையா என்று கேட்டார். பேங்கில் ஒரு டிரான்ஸ்ஃபரில் அந்தப் பெட்டியும் தொலைந்துபோயிற்று.

கல்யாணம் முடிந்து திரும்பி வந்ததும் அப்பா கட்டை அவிழ்த்தார். மறுநாள் தானே கயிற்றை இழுத்தார், குட்டி ஒரே இழுப்பில் பிடித்தது. ஃபிட்டர், "போரீ குடே கேலீ?" என்று கேட்டாராம், பெண் எங்கே என்று. கல்யாணம் ஆகிவிட்டது என்றதும் சந்தோஷப்பட்டு, ஒரு தேங்காயும் ரவிக்கைத் துணியும் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். மஃப்ளரைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் கம்பெனி, பேட்டரியில் கிளம்புகிற புது வண்டிகளை இறக்கிவிட்டது. அப்பா சாவியைத் திருகினார், அது உறுமியது. அன்று அவர் சாப்பிடவில்லை. அதன் பிறகு இருபது வருஷம் இருந்தார், ஒரு நாள்கூட அந்தக் குளிர்காலத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. என் படிப்பு நடந்துகொண்டிருந்தது அல்லவா, கேட்க வாய் வரவில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் தங்கமான மனிதர் என்றெல்லாம் சொல்லி உங்களைச் சமாதானப்படுத்தப் போவதில்லை. ஆண்டாண்டுகளாகத் தூத்துக்குடியில் உப்புக் காற்றில் காய்ந்தாள், நான்கு பெற்றாள், ரெண்டு தங்கியது. "பூனாவுல என்னமோ ஆகித்தான் இங்க தள்ளிவிட்டாவ" என்று மாமியார் போகிறவரை குத்திக்கொண்டே இருந்தாள். இப்போது வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கா மகன் ஐடி வேலைக்கு இங்கே பூனாவில் ஹடப்சருக்கே வந்ததால் அக்காவும் வந்துவிட்டாள். அந்த வெள்ளை முடிக்காரியைத்தான் நீங்கள் கார்டனில் பார்த்தீர்கள்.

போன மாதம் ஆகுர்டிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அக்கா மகனின் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒரு தொழிற்சாலை வாசலில், புல்தரை போட்டு, சுற்றிப் பூச்செடி வைத்து, நடுவில் ஒரு பழைய டோசரை மஞ்சள் பெயின்ட் அடித்து அலங்காரத்துக்கு நிறுத்தியிருந்தார்கள். "வண்டிய நிறுத்துப்பா" என்று நான்தான் கத்தினேன். அப்பாவுடைய வண்டியா, வேறொன்றா, யாருக்குத் தெரியும். ஆனால் விலாவில் குட்டி எஞ்சின் இருந்தது. அதற்கும் மஞ்சள் அடித்துவிட்டிருந்தார்கள், பெட்ரோல் குழாய்மேல்கூட.

அக்கா வேலிச் சங்கிலியைத் தாண்டிக் கிட்டப் போனாள். செக்யூரிட்டி "ஓ ஆஜி!" என்று, பாட்டியைக் கூப்பிடுகிற மாதிரிக் குரல் கொடுத்தான். அவள் திரும்பவில்லை. கப்பியைத் தடவினாள். முடிச்சுப் போடுகிற வெட்டு பெயின்ட்டில் அடைபட்டிருந்தது. பார்க்காமலே விரல் அங்கே போய் நின்றது, நகத்தால் பெயின்ட்டைச் சுரண்டினாள்.

எனக்கு அடக்க முடியவில்லை. அக்கா மகனிடம், "இதை உங்கம்மா ஸ்டார்ட் பண்ணுவா தெரியுமா? பதினஞ்சு வயசுல. ஒரே இழுப்பு" என்றேன்.

அவன் சிரித்தான். நல்ல பையன், அன்பான சிரிப்புத்தான். "சித்தி, நீங்க வேற! அம்மாவுக்கு மிக்ஸி போடவே பயம்."

எனக்குக் காது சுளீரென்றது, அத்தை மறுபடி திருகியது மாதிரி. "நெசமாத்தான்டா. கேளு உங்கம்மாவை. ஏ, சொல்லேன்க்கா!"

அக்கா கப்பியிலிருந்து கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள். மகன் முகத்தைப் பார்த்தாள். இப்போது சொல்லிவிடலாம். அப்பா இல்லை, மாமா இல்லை, கம்பெனியும் இல்லை. ஒரு தகரம்கூட இல்லை.

"அவ சின்னப்பிள்ள. அவளுக்கு என்ன தெரியும்" என்று சொல்லி என் தோளைத் தட்டினாள்.

அறுபத்தெட்டு வயதில் ரோட்டோரத்தில் நின்று அழுதேன். அவன் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலைத் திறந்தான். அக்கா, "இங்கன பக்கத்துல ஒரு பிள்ளையார் கோயில் இருந்துச்சு. இப்பமும் இருக்கா பாரேன்" என்றாள் அவனிடம். அவன் போனில் தேடினான். இருந்தது.

"எதுக்கும்மா இப்போ?"

"நான் ஒரு நாளும் போனதில்ல. கூட்டிட்டுப் போ."

ரெண்டு அடுக்குமாடிகளுக்கு நடுவில், மார்பிள் போட்டு, மேலே சீரியல் லைட் தொங்கவிட்டுப் பெரிய கோயிலாகியிருந்தது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள். நான் பின்னாலேயே போனேன். மணி ஒன்றரை. மத்தியானத்துக்கு நடை சாத்தி, இரும்புக் கதவில் பெரிய பூட்டுத் தொங்கியது. உள்ளே இருட்டாக இருந்தது, ஒன்றும் தெரியவில்லை.

அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"மாமா சொன்னது சரிதான்ட்டி. பூட்டித்தான் கெடக்கு."